செஞ்சிக் கோட்டைக்கு ஒருநாள் பயணம்: முதலில் மலை, பிறகு மாளிகை

செஞ்சிக்குப் போய் வந்தவர்களில் பலர் ராஜகிரி உச்சியைப் பார்த்ததில்லை. கீழே கல்யாண மகாலில் படம் எடுத்து, களஞ்சியத்துக்குள் குரல் கொடுத்து எதிரொலி கேட்டு, குளக்கரையில் சற்று உட்கார்ந்துவிட்டு, பதினொன்றரை மணிக்கு மலையை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அதற்குள் பாறை சுடத் தொடங்கியிருக்கும். பாதி வழியில் தண்ணீர் தீர்ந்துபோய்த் திரும்பிவிடுவார்கள். குறை அவர்கள் காலில் இல்லை, பார்த்த வரிசையில்தான். இந்த அத்தியாயம் சொல்லும் எல்லாமே ஒரு விதியில் அடங்கும்: முதலில் மலை, பிறகு மாளிகை.

### கோட்டையின் அமைப்பு: இவ்வளவு தெரிந்தால் போதும்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் இணைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில். நடுவில் இருந்த சமவெளிதான் நகரம். குன்றுகளின் உச்சி கடைசிப் புகலிடம். கோன் மரபினர் தொடங்கியதாகச் சொல்லப்படும் கோட்டையை நாயக்கர்கள் பெருக்கினார்கள். அவர்களிடமிருந்து பீஜப்பூர் சுல்தான்களுக்கும், 1677-இல் சிவாஜிக்கும், 1698-இல் முகலாயர்களுக்கும் கைமாறியது. 1750-இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761-இல் ஆங்கிலேயர்களும் பிடித்தார்கள். முகலாயப் படை இதன் முன்னால் எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டுக் காத்துக் கிடந்தது. 2025 ஜூலையில், மராட்டியர்களின் 12 கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டுமே.

ஏறி வருகிறவனைக் களைப்படையச் செய்வதற்காகவே கட்டப்பட்ட கோட்டை இது. படிகள் ஒரே சீராக இல்லாததும், வாசலுக்கு வாசல் பாதை திரும்புவதும் அதனால்தான். ராஜகிரியின் உயரம் சுமார் 240 மீட்டர். எண்ணாகப் பார்த்தால் சிறியது. வெயிலில் ஏறும்போது பெரியது.

### எப்போது போவது?

- நல்ல காலம்: டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை. மழை ஓய்ந்து குன்றுகள் பச்சையாக இருக்கும், குளங்களில் தண்ணீர் நிற்கும்.
- கவனம் தேவைப்படும் காலம்: அக்டோபர், நவம்பர். வடகிழக்குப் பருவமழையில் படிகள் வழுக்கும். முந்தைய நாள் கனமழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.
- தவிர்க்க வேண்டிய காலம்: ஏப்ரல், மே. போயே ஆக வேண்டுமென்றால் கீழ்க்கோட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.
- நாள்காட்டியில் பார்க்க வேண்டியது: அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கும், பௌர்ணமியன்று திருவண்ணாமலை கிரிவலத்துக்கும் பெருங்கூட்டம் போகும். இரண்டுக்குமான போக்குவரத்தில் ஒரு பகுதி செஞ்சி வழியாகத்தான். அந்த நாள்களில் பேருந்தில் உட்கார இடம் கிடைப்பது அரிது, காரில் போனாலும் நெரிசல். இவை இரண்டும் வராத வார நாள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

### எப்படிப் போவது?

செஞ்சி விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர், புதுச்சேரியிலிருந்து சுமார் 70, திருவண்ணாமலையிலிருந்து சுமார் 40.

பேருந்தில்:

1. சென்னையிலிருந்து வருபவர்கள் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலைப் பேருந்தில் ஏறுங்கள். திண்டிவனம், செஞ்சி வழியாகப் போகும் வண்டிதானா என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், விடியுமுன் கிளம்புங்கள்.
2. செஞ்சிப் பேருந்து நிலையத்தில் இறங்கிச் சிற்றுண்டியை முடித்துக்கொள்ளுங்கள். கோட்டைக்கு அருகில் சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள்.
3. அங்கிருந்து கோட்டைக்கு ஆட்டோ. ஏறும் முன்பே கூலியைப் பேசுங்கள். மாலையில் வந்து அழைத்துக்கொள்ளவும் அதே ஓட்டுநரிடம் நேரம் சொல்லி, அவருடைய எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயிலில்: திண்டிவனம் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து செஞ்சி சுமார் 28 கிலோமீட்டர், பேருந்து உண்டு.

காரில்: சென்னை–திண்டிவனம் நெடுஞ்சாலையில் பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகள் வரும், பாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திண்டிவனத்தில் மேற்கே திரும்ப வேண்டும். கோட்டையில் வண்டியை நிறுத்தியதும் கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிடுங்கள். சிறு இடைவெளி இருந்தாலும் குரங்கு கை நுழைத்துவிடும்.

### பையில் என்ன இருக்க வேண்டும்?

- ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மேலே விற்பனை கிடையாது. உச்சியில் சுனை உண்டு. அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.
- ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, கொஞ்சம் கடலை மிட்டாய் அல்லது பேரீச்சம்பழம். எல்லாம் பைக்குள், கண்ணில் படாமல்.
- தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை, ஒரு துண்டு.
- அடிப்பகுதி தேயாத, பின்புறம் பட்டை உள்ள காலணி. ரப்பர் செருப்போடு மலை ஏற வேண்டாம்.
- சிறு முதலுதவிப் பொருள்கள்: பஞ்சு, கட்டுத்துணி, கிருமிநாசினி, ஒரு சோப்புத்துண்டு. சோப்பு எதற்கு என்பதைக் குரங்குகள் பற்றிய பகுதியில் பாருங்கள்.
- முதுகில் மாட்டும் பை. இரண்டு கைகளும் காலியாக இருப்பதுதான் படியில் பாதுகாப்பு.

குறிப்பு: நெகிழிப் பை எதையும் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். உள்ளே துணி இருந்தாலும் குரங்குக்கு அது தின்பண்டம்தான்.

### நாளின் வரிசை

1. காலையில் வாசல் திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். நேரத்தை முந்தைய நாளே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.
2. இந்தியத் தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு வாங்குங்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. சீட்டை மாலைவரை பத்திரமாக வைத்திருங்கள்.
3. கல்யாண மகால் கண்ணில் பட்டாலும் நிற்காமல் நேரே ராஜகிரி அடிவாரம் போங்கள்.
4. ஏற ஒன்றரை மணி நேரம், உச்சியில் ஒரு மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம் என்று ஒதுக்குங்கள்.
5. இறங்கியதும் நிழலில் அரை மணி நேர ஓய்வு. பிறகு கீழ்க்கோட்டை, இரண்டு மணி நேரம்.
6. பிற்பகல் உணவை ஊருக்குள் போய்ச் சாப்பிடுங்கள்.
7. தெம்பு மிச்சமிருந்தால் மாலையில் கிருஷ்ணகிரி அல்லது வேங்கடரமணர் கோயில். இரண்டில் ஒன்று போதும்.
8. கோட்டையை மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ராஜகிரி ஏற விடுவதில்லை. தாமதமாக வந்து காவலரிடம் கெஞ்சாதீர்கள். இருட்டில் இறங்கும் பாதை அல்ல அது.

### ராஜகிரி ஏறும் முறை

படி 1: மெதுவாகத் தொடங்குங்கள். முதல் கால் மணி நேரம் பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் போங்கள். பேச்சு திணறினால் வேகம் அதிகம். தொடக்கத்தில் ஓடி ஏறுகிறவர்கள்தான் பாதியில் உட்காருகிறார்கள்.

படி 2: கமலக்கண்ணியம்மன் கோயிலில் முதல் ஓய்வு. ராஜகிரிச் சரிவில் இருக்கும் இந்தக் கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள்.

படி 3: உடம்பை இங்கே சோதியுங்கள். தலைசுற்றல், நெஞ்சு இறுக்கம், கால் நடுக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் இங்கிருந்தே திரும்பிவிடலாம். மேலே போகப் போகத் திரும்புவது கடினம்.

படி 4: வாசல்தோறும் நிழல். மதில்களில் வரும் ஒவ்வொரு வாசலும் உங்களுக்கு ஓய்விடம். அங்கே நின்று வந்த பாதையைத் திரும்பிப் பாருங்கள். காவலுக்கு நின்ற வீரனுக்கு ஏறி வருகிறவன் எவ்வளவு தூரத்திலேயே தெரிந்திருப்பான் என்பது விளங்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாலு மிடறு தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

படி 5: படிப்பாதையை விட்டு விலகாதீர்கள். பாறை வழியாகக் குறுக்குவழி போலத் தெரிவதெல்லாம் மழைநீர் வழிந்த தடம். ஏறிவிடலாம், இறங்க முடியாது. புதர்களில் பாம்பும் இருக்கலாம்.

படி 6: பிளவின் மேல் பாலம். உச்சிக்குச் சற்றுக் கீழே மலை பிளந்து கிடக்கிறது. அகலம் சுமார் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி. அந்தக் காலத்தில் மரப்பாலத்தை இழுத்துக்கொண்டால் உச்சி தனித்தீவாகிவிடும். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆள்களே ஒரு படையைத் தடுத்து நிறுத்த முடிந்தது இதனால்தான். பாலத்தை ஒவ்வொருவராகக் கடந்து செல்லுங்கள். குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். விரலைப் பிடித்தால் நழுவும். பாலத்தின் நடுவில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

### உச்சியில் பார்க்க வேண்டியவை

ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், பீரங்கி ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பார்க்கலாம். எல்லாம் பார்த்த பிறகு மணிக்கூண்டு அருகே நிழலில் நின்று கீழே பாருங்கள். எதிரே கிருஷ்ணகிரி, ஒரு பக்கம் சந்திரகிரி, மூன்றையும் கட்டிப்போட்டபடி குன்றேறி இறங்கும் மதில். கீழே நின்று எவ்வளவு படித்தாலும் புரியாத வரைபடம் இங்கே ஐந்து நிமிடத்தில் புரியும். மலையை முதலில் ஏறச் சொல்வதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. மேலிருந்து நகரத்தின் அமைப்பைப் பார்த்துவிட்டவருக்குக் கீழ்க்கோட்டையின் ஒவ்வொரு கட்டடமும் தன் இடத்தோடு பொருந்தித் தெரியும்.

எச்சரிக்கை: கைப்பிடிச் சுவர் மேல் ஏறவோ உட்காரவோ கூடாது. கல் உறுதியாகத் தெரிந்தாலும் சுண்ணாம்புப் பிடிப்பு எங்கே விட்டிருக்கிறது என்று வெளியே தெரியாது. காற்று வேகமாக இருந்தால் விளிம்பிலிருந்து நாலடி தள்ளியே நில்லுங்கள். இடி கேட்டால் உடனே இறங்கத் தொடங்குங்கள்.

### இறங்கும்போது

ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் வாங்கும். விழுவதும் பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

1. உயரமான படியில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி ஒவ்வொரு காலாக வையுங்கள்.
2. தேய்ந்து பளபளக்கும் கல்லைத் தவிர்த்துச் சொரசொரப்பான கல்லில் மிதியுங்கள்.
3. கைபேசியைப் பைக்குள் போடுங்கள். படம் வேண்டுமென்றால் நின்று எடுங்கள்.
4. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் வைத்திருங்கள்.

### கீழ்க்கோட்டை: நிதானமாக

இந்த வரிசையில் போனால் நடை குறையும்.

- கல்யாண மகால்: கூம்புக் கூரையோடு அடுக்கடுக்காய் உயரும் மாளிகை. மண்குழாய்கள் வழியே மேல்தளங்களுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். சுற்றியுள்ள அறைவரிசைகளையும் பாருங்கள். மாடிப்படி குறுகலானது, திறந்திருந்தால் ஒவ்வொருவராக ஏறுங்கள்.
- உடற்பயிற்சிக் கூடம், களஞ்சியங்கள்: வளைவுக் கூரையைப் பார்க்க உள்ளே போகலாம். வௌவால்கள் உண்டு. மூச்சுத்தொல்லை உள்ளவர்கள் வாசலோடு நிற்பது நல்லது.
- ஆனைக்குளம்: படிக்கட்டில் பாசி இருக்கும். இந்தக் குளத்திலோ செட்டிக்குளம், சக்கரக்குளத்திலோ இறங்காதீர்கள். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும்.
- சாதத்துல்லா கான் மசூதி: 1717-18-இல் கட்டப்பட்டது. 1714-இல் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனை வென்ற ஆற்காட்டு நவாப் எழுப்பியது. பாரசீகக் கல்வெட்டுகள் இருக்கின்றன. தோற்ற தேசிங்குதான் நாட்டுப்புறக் கதைப்பாடலில் இன்றும் வாழ்கிறான் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.
- வேங்கடரமணர் கோயில்: கோட்டைக்குள் இருக்கும் கோயில்களில் பெரியது. நாயக்கர் காலத்தது. வாசலில் ராமாயணக் காட்சிகளும் திருமாலின் அவதாரங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. இதன் தூண்கள் பலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். மற்ற இடங்களிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால் கூட்டம் குறைவு. தனியாகப் போகாமல் இரண்டு பேராவது சேர்ந்து போங்கள்.

### கிருஷ்ணகிரி யாருக்கு?

ராணிக்கோட்டை என்றும் சொல்வார்கள். நெடுஞ்சாலைக்கு வடக்கே இருக்கிறது. ராஜகிரியைவிட உயரம் குறைவு. முக்கால் மணி நேரத்தில் ஏறலாம். உச்சியில் களஞ்சியங்களும் குவிமாடம் கொண்ட மண்டபமும் உண்டு. ராஜகிரியின் முழு உருவத்தைப் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ராஜகிரி ஏறத் தயங்குபவர்கள் காலையில் இதை மட்டும் ஏறலாம். இரண்டையும் ஏறுவதானால் இடையில் உணவும் ஓய்வும் கட்டாயம். சாலையைக் கடக்கும்போது கவனம். பேருந்துகள் வேகமாக வரும். மூன்றாவது குன்றான சந்திரகிரி முட்புதர் மண்டியது. அதைத் தொலைவிலிருந்து பார்ப்பதே போதும்.

### குரங்குகள்

1. அவற்றின் முன்னால் எதையும் சாப்பிடாதீர்கள், பையைத் திறக்காதீர்கள்.
2. கண்ணைப் பார்த்து முறைக்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். இரண்டும் அவற்றுக்குச் சண்டைக்கு அழைப்பு.
3. கையில் இருப்பதைப் பிடுங்கினால் விட்டுவிடுங்கள். இழுபறியில்தான் கடி விழும்.
4. குட்டியோடு இருக்கும் குரங்கின் அருகே குழந்தையை விடாதீர்கள்.
5. கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு, ஊற்றும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்குங்கள். கீறல் சிறியதுதானே என்று விட வேண்டாம்.

பாறை இடுக்கிலும் மண்டபக் கூரையிலும் தேன்கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் விலகிப் போங்கள். புகை, பட்டாசு, கல்வீச்சு எதுவும் கூடாது.

### வெயில் தாக்கினால்

தலைவலி, வாந்தி, கண் இருட்டல் தோன்றியதும் நிழலில் படுக்க வையுங்கள். காலணியைக் கழற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிறுங்கள். சுயநினைவோடு இருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, வியர்வை நின்று உடம்பு கொதித்தாலோ 108-ஐ அழையுங்கள். நுழைவாயில் காவலருக்கும் தகவல் சொல்லுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

### அடிக்கடி நேரும் தவறுகள்

- காலை உணவைத் தவிர்ப்பது. வெறும் வயிற்றோடு ஏறினால் பாதியில் தலைசுற்றும். இட்லி, பொங்கல் அளவாகச் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து ஏறுங்கள்.
- கூட்டமாக வந்து சிதறுவது. மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும், வேகமானவர் கடைசியில் வரட்டும். யாரும் தனியாக விடுபட மாட்டார்கள்.
- ஒரே நாளில் திருவண்ணாமலையையும் சேர்ப்பது. இரண்டும் அரைகுறையாகும். செஞ்சிக்கு ஒரு முழு நாள் வேண்டும்.
- முதியவர்களை வற்புறுத்துவது. முழங்கால் வலி, இதயநோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கீழ்க்கோட்டையே ஒரு நாளுக்கு நிறைவானது. மற்றவர்கள் ஏறும் நேரத்தில் அவர்களுக்கு நிழலான இடமும் துணைக்கு ஒருவரும் இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

### கோட்டைக்கு நாம் செய்ய வேண்டியது

சுவரில் பெயர் கீறுவது குற்றம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டுவரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிடக் கூடாது. கொண்டுபோன நெகிழியை எல்லாம் திருப்பிக் கொண்டுவாருங்கள். பையில் ஒரு காலி உறை வைத்திருந்தால் வேலை எளிது. இத்தனை படைகள் மோதியும் நின்ற சுவர்களை, ஒரு ஆணியும் இரண்டு எழுத்தும் கெடுக்கின்றன. உங்கள் குழந்தை கல்லை எடுத்துச் சுவரருகே போகும்போதே தடுத்து, ஏன் கூடாது என்று சொல்லுங்கள். அவர்களுக்குக் கிடைக்கும் முதல் வரலாற்றுப் பாடம் அதுவாகவே இருக்கட்டும்.

### மலை ஏறாதவர்களுக்கு அருகிலுள்ள இடங்கள்

கார் இருந்தால், கோட்டைக்கு வடக்கே உள்ள திருநாதர்குன்றில் பாறையில் செதுக்கிய 24 தீர்த்தங்கரர்களைப் பார்க்கலாம். சிங்கவரத்தில் பள்ளிகொண்ட பெருமாளின் குடைவரைக் கோயில் இருக்கிறது. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ளது. மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். முதல் இரண்டு இடங்களிலும் படி ஏற வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

### புறப்படும் முன் சரிபார்க்க

1. நாளை அமாவாசையா, பௌர்ணமியா?
2. மழை எச்சரிக்கை உண்டா?
3. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் நிரப்பியாயிற்றா?
4. எல்லோருக்கும் பிடிப்புள்ள காலணி இருக்கிறதா?
5. யார் மலை ஏறுகிறார்கள், யார் கீழே இருக்கிறார்கள் என்று பேசி முடிவு செய்தாயிற்றா?
6. திரும்பும் பேருந்து நேரம் கேட்டு வைத்தாயிற்றா?

ஆறுக்கும் விடை கிடைத்துவிட்டால் அலாரத்தை அதிகாலைக்கு வைத்துவிட்டுப் படுங்கள். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் தாமதமாகக் கிளம்பினால் ராஜகிரி அடுத்த பயணத்துக்குத் தள்ளிப்போய்விடும்.